எர்த் பின் செய்த குற்றம் என்ன?

ஒரே எலெக்ட்ரிக் கிட்டாரை இரண்டு ஆம்ப்ளிஃபயர்களில் வாசிப்பது இன்று நேற்று முளைத்த ஆசை அல்ல. இரண்டு பிக்கப்புகளின் ஒலியும் தனித்தனியே இரண்டு ஆம்புகளுக்குப் போகும்படி வடிவமைத்த இ.எஸ்-345 என்ற கிட்டாரை கிப்சன் நிறுவனம் 1959-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஓர் ஆம்பில் தெளிவான ஒலி, இன்னொன்றில் கரகரவென்ற டிஸ்டார்ஷன். அல்லது ஒன்றில் வெறும் கிட்டார், மற்றதில் எக்கோவும் கோரஸும். மேடையின் இரு கோடியிலிருந்தும் இவை சேர்ந்து வரும்போது கிடைக்கும் அகலத்தை ஒற்றை ஆம்ப் தருவதில்லை. ஆனால் இரண்டாவது கேபிளைச் செருகியதுமே, தந்தியில் விரல் படும் முன்பே, இரண்டு ஸ்பீக்கரிலும் ஓர் உறுமல் கிளம்பிவிடுகிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் சொல்லும் யோசனை பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏதாவது ஒரு ஆம்புக்கு எர்த்தைக் கழட்டி விட்டுடுங்க, ஹம் போயிடும்." சிலர் மூன்று பின் ப்ளக்கின் பெரிய பின்னை ஒடித்துவிடுகிறார்கள், சிலர் ப்ளக்கைத் திறந்து பச்சை வயரைக் கழற்றிவிடுகிறார்கள், சிலர் மூன்று பின்னை இரண்டு பின்னாக மாற்றும் அடாப்டர் ஒன்றைப் பையில் நிரந்தரமாகவே வைத்திருக்கிறார்கள். செய்து பார்த்தால் உறுமலும் நின்றுவிடுகிறது. வம்பே அதுதான். பலித்துவிட்டதால் அந்த யோசனையை யாரும் கேள்வி கேட்பதில்லை. நோயைத் தவறாகக் கணித்து, உயிரைப் பணயம் வைத்து, ஒலியையும் அரைகுறையாகவே சரிசெய்கிற வைத்தியம் இது என்பதே என் வாதம்.

முதலில் அந்த உறுமல் எங்கே பிறக்கிறது என்று பார்ப்போம். கிட்டார் கேபிளின் நடுவே சிக்னலைச் சுமக்கும் கம்பி ஓடுகிறது. அதைச் சுற்றிப் பின்னிய செம்பு வலை ஷீல்டு. வெளி இரைச்சலைத் தடுப்பதோடு, சிக்னல் திரும்பி வரும் பாதையாகவும் இருப்பது ஷீல்டுதான். ஆம்புக்குள் அது சேசிஸ் என்ற உலோகத் தட்டோடு சேர்கிறது. சேசிஸ், எர்த் பின் வழியாகச் சுவர் சாக்கெட்டுக்குப் போகிறது. ஒரே ஓர் ஆம்ப் இருக்கும்வரை இந்தப் பாதை முட்டுச்சந்து. மின்னோட்டம் சுற்றி வர வழியில்லை. இரண்டாவது ஆம்பைச் சேர்த்ததும் சந்து மறுபக்கம் திறந்துகொள்கிறது. முதல் ஆம்பின் சேசிஸிலிருந்து ஷீல்டு வழியாக இரண்டாவது ஆம்பின் சேசிஸுக்கு, அங்கிருந்து எர்த் வயர் வழியாகச் சுவருக்கு, சுவரிலிருந்து மறுபடி முதல் ஆம்புக்கு என ஒரு முழு வளையம் உருவாகிவிடுகிறது. கிரவுண்ட் லூப் என்பது இதுதான். அருகிலுள்ள பவர் டிரான்ஸ்ஃபார்மர்களின் காந்தப்புலம் இந்த வளையத்தில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. இரண்டு ஆம்புகளிலும் எர்த்துக்குக் கசியும் மின்சாரத்தின் அளவு வேறுபடுவதும் அதற்குத் துணைபோகிறது. ஷீல்டில் 10 மில்லி ஆம்பியர் ஓடுகிறது, ஷீல்டின் தடை 0.1 ஓம் என்று வைத்துக்கொள்வோம். அதன் இரு முனைகளுக்கும் இடையே 1 மில்லி வோல்ட் நிற்கும். பிக்கப் தரும் சிக்னலை 100 மில்லி வோல்ட் என்று எடுத்துக்கொண்டால் இரைச்சல் அதில் நூறில் ஒரு பங்கு, அதாவது 40 டெசிபல் கீழே. தெளிவான ஒலியில் இது லேசாகத்தான் கேட்கும். டிஸ்டார்ஷனைக் கூட்டினால் கதை வேறு. டிஸ்டார்ஷன் பெரிய ஒலியை ஓர் எல்லைக்குமேல் வளரவிடாமல் சின்ன ஒலியை மட்டும் தூக்கிக்கொண்டே போவதால், இரண்டு சுரங்களுக்கு இடையிலான மௌனத்தில் 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும் முழங்கத் தொடங்கும்.

இந்த வளையத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு: ஷீல்டு வழிப் பாதி, எர்த் வழிப் பாதி. எந்தப் பாதியைத் துண்டித்தாலும் வளையத்தில் ஓடும் மின்னோட்டம் நிற்கும். எர்த்தைத் துண்டித்தால் உறுமல் நிற்கிறது, ஆகவே எர்த்தே குற்றவாளி என்று முடிவுகட்டுவது இந்த எளிய உண்மையைக் கவனிக்கத் தவறியதன் விளைவு. எர்த் பின் நிரபராதி என்பதற்கு நல்ல சாட்சி ஒன்று 1975 முதல் சந்தையில் இருக்கிறது. ரோலண்டின் ஜே.சி-120 ஆம்புக்குள் 60 வாட் ஆம்ப்ளிஃபயர்கள் இரண்டு, 12 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு. ஒரே கிட்டார் இரண்டு ஆம்ப்ளிஃபயர்களையும் இயக்குகிறது. அந்த ஸ்டீரியோ கோரஸ் ஒலிதான் அதற்குப் புகழைத் தேடித்தந்தது. இரண்டும் ஒரே சேசிஸில், ஒரே பவர் கார்டில், ஒரே எர்த்தில் இருப்பதால் அங்கே இந்த லூப்புக்கு இடமில்லை; எர்த் முழுசாக இருக்கும்போதே உறுமலும் இல்லை. ஒலிப் பொறியாளர்கள் இந்த விஷயத்தை எப்போதோ ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். ஆடியோ என்ஜினீயரிங் சொசைட்டியின் இதழ் 1995 ஜூனில் இந்தப் பொருளில் வெளியிட்ட கட்டுரைகளில் நீல் மன்சியின் கட்டுரை முக்கியமானது. கேபிளின் ஷீல்டை நேராகச் சேசிஸோடு சேர்க்காமல் உள் சர்க்யூட்டின் கிரவுண்டில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கருவிகளில், ஷீல்டில் ஓடும் மின்னோட்டம் இரைச்சலாக உள்ளே நுழைகிறது என்று அதில் அவர் விளக்கினார். கோளாறு சிக்னல் கேபிள் சேருமிடத்தில் இருக்கிறது. சுவர் சாக்கெட்டில் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எர்த்தின்மேல் சுமத்தப்படும் உறுமல்களில் ஒரு பகுதி கிரவுண்ட் லூப்பே கிடையாது. சிங்கிள் காயில் பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய பல ஆயிரம் சுற்றுக் கம்பி. அறையில் உள்ள டிரான்ஸ்ஃபார்மர், டியூப்லைட் சோக், டிம்மர் எல்லாவற்றின் காந்தப்புலத்தையும் அது வாரி எடுத்துக்கொள்ளும். கிப்சனில் பணியாற்றிய சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர் பிக்கப், எதிரெதிராக இணைத்த இரண்டு காயில்களால் இந்த இரைச்சலைத்தான் ரத்து செய்தது. உங்களைத் தொந்தரவு செய்வது எது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். கிட்டாரின் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். இரைச்சல் போய்விட்டால் அது பிக்கப்பிலிருந்து வந்தது. நின்ற இடத்திலேயே கிட்டாரோடு மெல்லத் திரும்பினால் அது ஏறி இறங்குவதும் கேட்கும். பூஜ்யத்திலும் அசையாமல் நின்று, இரண்டாவது ஆம்பின் கேபிளை உருவியதும் மறைந்தால், அதுதான் லூப். பிக்கப் இரைச்சலுக்கு எர்த்தைக் கழற்றி ஒரு பயனும் இல்லை. இந்தச் சோதனையைக்கூடச் செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரோடு ப்ளக்கிடம் போவது வைத்தியம் ஆகாது.

சரி, அந்தப் பின்னுக்கு அப்படி என்ன வேலை? நம் ப்ளக்குகளில் எர்த் பின் மற்ற இரண்டையும்விடத் தடிமனாகவும் நீளமாகவும் இருப்பது அழகுக்காக அல்ல. ப்ளக்கைச் செருகும்போது அதுதான் முதலில் சேர வேண்டும், உருவும்போது கடைசியாக விலக வேண்டும். உள்ளே ஒரு பழைய பவர் டிரான்ஸ்ஃபார்மரின் இன்சுலேஷன் உருகியோ, ஒரு வயர் அறுந்தோ ஃபேஸ் சேசிஸைத் தொட்டுவிட்டால், எர்த் சரியாக இருக்கிற இடத்தில் பெரும் மின்னோட்டம் அந்த வழியே பாய்ந்து ஃபியூஸை எரிக்கும் அல்லது எம்.சி.பி.யை விழச்செய்யும், ஆர்.சி.சி.பி. இருந்தால் 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே இணைப்பைத் துண்டிக்கும். எர்த் இல்லையென்றால் ஒன்றுமே நடக்காது. ஆம்ப் வழக்கம்போல் பாடிக்கொண்டிருக்கும், சேசிஸ் மட்டும் 230 வோல்ட்டில் நிற்கும். அந்தச் சேசிஸோடு ஷீல்டு சேர்ந்திருக்கிறது. ஷீல்டோடு கிட்டாரின் பிரிட்ஜ் சேர்ந்திருக்கிறது. பிரிட்ஜில் தந்திகள் கட்டப்பட்டிருக்கின்றன. வீட்டிலுள்ள கிரைண்டரையோ அயர்ன் பாக்ஸையோ நாம் தொட்டு எடுத்துவிடுகிறோம். எலெக்ட்ரிக் கிட்டாரின் உலோகத் தந்திகளை வியர்த்த இடக்கையால் மணிக்கணக்கில் அழுத்திப் பிடித்திருக்கிறோம். உதட்டருகே மிக்ஸரின் எர்த்தோடு சேர்ந்த மைக் நிற்கிறது. ஈரமான தோலில் உடலின் தடை ஓரிரு ஆயிரம் ஓம் அளவுக்கு இறங்கக்கூடும். 1,500 ஓம் என்று கொண்டால் 230 வோல்ட்டில் 150 மில்லி ஆம்பியர் பாயும். 10 மில்லி ஆம்பியரிலேயே தசைகள் இறுகி, பிடித்ததை விட முடியாமல் போகக்கூடும். பாதையோ கையிலிருந்து உதட்டுக்கு, நெஞ்சைக் கடந்து.

எர்த்தைக் கழற்றச் சொல்பவர்களிடம் இதற்கு ஒரு பதில் உண்டு, அவர்களின் வலுவான பதிலும் அதுதான். "ரெண்டு ஆம்புல ஒண்ணுக்குத்தானே கழட்டுறோம். கேபிள் ஷீல்டு வழியா அதோட சேசிஸும் அடுத்த ஆம்ப் எர்த்தோட சேர்ந்துதான் இருக்கு. அப்புறம் என்ன ஆபத்து?" மேலோட்டமாகப் பார்த்தால் நியாயம். மீட்டரை வைத்துப் பார்த்தாலும் இரண்டு சேசிஸுக்கும் இடையே தொடர்பு காட்டும். ஆனால் அந்தத் தொடர்பு எதன்மேல் தொங்குகிறது என்று பாருங்கள். கால் அங்குல ஜாக்கினுள் ஒரு ஸ்பிரிங் தகடு, பெடல் போர்டில் அடுத்தடுத்து நான்கைந்து பேட்ச் கேபிள்கள், பெடலுக்குள் சர்க்யூட் போர்டில் மயிரிழை போல ஓடும் செம்புப் பாதை. மில்லி வோல்ட் சிக்னலுக்காகச் செய்த இவையெல்லாம் இப்போது ஃபேஸ் கோளாறின் மின்னோட்டத்தைச் சுமந்து எம்.சி.பி.யை விழவைக்க வேண்டும். அந்தச் செம்புப் பாதை முதலில் எரிந்து அறுந்தால், அறுந்த இடத்துக்கு எந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது உங்கள் விதி. கோளாறே இல்லாத நாளிலும் நிலைமை நல்லதல்ல. வாசித்து முடித்ததும் நாம் முதலில் உருவுவது கிட்டார் கேபிளைத்தான். உருவிய அந்த நொடியிலிருந்து பின் ஒடிந்த ஆம்புக்கு எர்த் என்று எதுவும் இல்லை. பவர் லைன் ஃபில்டர் உள்ள ஆம்பாக இருந்தால், ஃபில்டரின் இரண்டு கெப்பாசிட்டர்கள் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் சேசிஸைத் தொங்கவிட்டு, 115 வோல்ட் அளவில் நிறுத்திவைக்கும். தொட்டால் சுருக்கென்று ஏறும் அந்தக் கூச்சத்தை "சின்ன ஷாக்தான்" என்று தட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது. கால் வைத்தால் அறுபடும் கேபிளை எர்த் வயர் என்று அழைக்க முடியாது.

"அந்தக் காலத்துல எல்லாரும் ரெண்டு பின்லதானே வாசிச்சாங்க, யாருக்கு என்ன ஆச்சு?" என்பது அடுத்த வாதம். பாதி உண்மை. பழைய அமெரிக்க ஆம்புகள் பலவற்றுக்கு எர்த் பின்னே கிடையாது. எர்த் இல்லாததால் எர்த் வழி லூப்பும் இல்லை. அந்த நாட்களில் இரண்டு ஆம்ப் வாசிப்பு சுலபமாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் இரைச்சலைக் குறைக்க அந்த ஆம்புகளில் மின் இணைப்பின் ஒரு முனைக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு கெப்பாசிட்டரை வைத்திருந்தார்கள். அது ஷார்ட் ஆனால் சேசிஸ் முழு வோல்ட்டேஜுக்குப் போய்விடும். ஆம்ப் ரிப்பேர் செய்பவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் டெத் கேப். 0.047 மைக்ரோ ஃபாரட் அளவுள்ள அத்தகைய கெப்பாசிட்டர் ஒழுங்காக இருக்கும்போதே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸில் 2 மில்லி ஆம்பியரைக் கசியவிடும். யாருக்கு என்ன ஆனது என்ற கேள்விக்கும் பதில் இருக்கிறது. 1965 டிசம்பரில் சேக்ரமென்டோ நகர மேடையில் கீத் ரிச்சர்ட்ஸின் கிட்டார் மைக் ஸ்டாண்டைத் தொட்டது. அவர் நினைவிழந்து விழுந்து, பிழைத்தார். 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சியில் ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். 1976 மே மாதம் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகராக இருந்த கீத் ரெல்ஃப், எர்த் சரியாக இல்லாத கருவியோடு கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தபோது வீட்டில் மின்சாரம் தாக்கி இறந்தார். இவர்கள் யாரும் இரைச்சலுக்காகப் பின்னை ஒடித்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. எர்த் என்ற ஒற்றை இணைப்பு சரியில்லாத இடத்தில் கிட்டாரும் மைக்கும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இவர்கள் சாட்சிகள். அதிலும் அமெரிக்க மின்சாரம் 120 வோல்ட், நம்முடையது 230. அமெரிக்கர்களின் பழைய இரண்டு பின் பழக்கத்தை நம் சாக்கெட்டுக்குக் கொண்டுவருபவர் ஆபத்தை இரட்டிப்பாக்கிக் கொண்டுவருகிறார்.

நம் ஊருக்கே உரிய வாதம் ஒன்றும் உண்டு: "மண்டபத்துல எர்த்தே ஒழுங்கா இருக்காது. இல்லாத எர்த்துக்கு எதுக்குப் பின்?" இதில் கசப்பான உண்மை இருக்கிறது. மூன்று துளை சாக்கெட்டைப் பொருத்திவிட்டு எர்த் துளைக்கு வயரே இழுக்காத கட்டடங்கள் உண்டு. திருவிழாப் பந்தலில் ஜெனரேட்டரிலிருந்து இரண்டே வயரில் மேடைக்குக் கரண்ட் வருவதும் உண்டு. எர்த் துளையை நியூட்ரலோடு பாலம் போட்டுவிடும் அவசர வேலையும் உண்டு, அது எர்த் இல்லாததைவிட மோசம். ஆனால் இந்த வாதத்திலிருந்து வர வேண்டிய முடிவு நேர் எதிரானது. சாக்கெட்டில் எர்த் இருக்குமோ இருக்காதோ என்ற ஊரில் வாசிப்பவர், எர்த் இருக்கும் இடங்களிலாவது அதைப் பயன்படுத்தும் நிலையில் இருக்க வேண்டும். ஒடித்த பின், எர்த் நன்றாக உள்ள மண்டபத்தையும் எர்த் இல்லாத மண்டபமாக மாற்றிவிடுகிறது. மூன்று விளக்குகள் கொண்ட சாக்கெட் டெஸ்டர் பெரிய விலை இல்லை. எர்த் வரவில்லை என்பதையும் ஃபேஸ், நியூட்ரல் மாறியிருப்பதையும் அது காட்டிவிடும். நியூட்ரல் பாலத்தை மட்டும் அதனால் பிரித்தறிய முடியாது. அதற்கு மண்டபத்தின் எலெக்ட்ரீஷியனைத்தான் கேட்க வேண்டும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்திய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒன்றைக் குழுவுக்குச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். போன் சார்ஜருக்கு இரண்டு பின்தானே என்று கேட்பவர்களுக்கும் இதே இடத்தில் பதில்: அவை இரட்டை இன்சுலேஷன் செய்த கருவிகள், ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த குறி அவற்றில் இருக்கும். உலோகச் சேசிஸ் கொண்ட கிட்டார் ஆம்ப், எர்த்தை நம்பியே வடிவமைக்கப்பட்டது. அதன் பின்னைக் கழற்றுவதால் அது இரட்டை இன்சுலேஷன் கருவி ஆகிவிடாது.

அப்படியானால் வளையத்தை எங்கே அறுப்பது? மிஞ்சியிருக்கும் மற்றப் பாதியில், அதாவது ஷீல்டில். ஆனால் இங்கும் வெறும் கத்தரி போதாது. இரண்டாவது ஆம்புக்குப் போகும் கேபிளின் ஷீல்டை மட்டும் ஒரு முனையில் வெட்டிவிட்டால் ஷாக் பயம் இல்லை, ஏனென்றால் இரண்டு சேசிஸுக்கும் சொந்த எர்த் இருக்கிறது. ஆனால் சிக்னல் திரும்பி வர ஷீல்டு இல்லாமல் சுவர் எர்த்தைச் சுற்றிக்கொண்டு வரும். இரண்டு சேசிஸுக்கும் இடையிலுள்ள வோல்ட்டேஜ் வித்தியாசம் முழுவதும் அதன்மேல் ஏறிக்கொள்ளும். உறுமல் குறைவதற்குப் பதில் கூடவும் செய்யலாம். சரியான கருவி 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர். முதல் காயிலில் கிட்டார் சிக்னல் நுழைகிறது. காந்தப்புலம் வழியாக இரண்டாவது காயிலுக்குத் தாவுகிறது. இரண்டு காயில்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு எதுவும் இல்லை. இரண்டாவது காயிலின் ஷீல்டு இரண்டாவது ஆம்போடு மட்டும் சேர்கிறது. வளையம் அறுந்துவிட்டது, சிக்னல் அறுபடவில்லை, இரண்டு எர்த் பின்களும் சுவரில் பத்திரமாக இருக்கின்றன. ஜென்சன் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் நிறுவனத்தின் பில் விட்லாக் மேலே சொன்ன 1995 இதழிலேயே டிரான்ஸ்ஃபார்மர்களின் இந்தப் பயனை விரிவாக எழுதியிருக்கிறார். மேடைகளில் மிக்ஸருக்குப் போகும் டி.ஐ. பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறதல்லவா, அதுவும் சிக்னல் கேபிளின் கிரவுண்டைத்தான் துண்டிக்கிறது. மின் இணைப்பின் எர்த்தை அது தொடுவதே இல்லை. சவுண்ட் என்ஜினீயர்கள் நாள்தோறும் செய்யும் வேலை, கிட்டார் வாசிப்பவர்களிடம் வரும்போது மட்டும் ஏன் ப்ளக்கை ஒடிப்பதாக மாறிவிடுகிறது?

"டிரான்ஸ்ஃபார்மர் வெச்சா டோன் செத்துடும்" என்பார்கள். மலிவான டிரான்ஸ்ஃபார்மரை நேரடியாகப் பிக்கப்பின் பின்னால் மாட்டினால் உண்மைதான். பிக்கப் பலவீனமான மூலம். ஆம்பின் உள்ளீடு 1 மெகா ஓம் இருக்கும் என்று நம்பிச் செய்தது. அந்த எதிர்பார்ப்பை உடைக்கும் எதுவும் மேல் ஸ்தாயியைத் தின்றுவிடும். ஆனால் டோனை நினைத்துக் கவலைப்படுபவர் ஒரே சிக்னலை இரண்டு ஆம்புக்கும் பிரிக்கத் தாம் இப்போது வைத்திருக்கும் ஒய் கேபிளையும் அதே தராசில் நிறுத்த வேண்டும். கிட்டார் கேபிளுக்கு மீட்டருக்குச் சுமார் 100 பைக்கோ ஃபாரட் கெப்பாசிட்டன்ஸ் உண்டு. 2.5 ஹென்றி அளவுள்ள சிங்கிள் காயில் பிக்கப்போடு 6 மீட்டர் கேபிளைச் சேர்த்து, பிக்கப்பின் சொந்தக் கெப்பாசிட்டன்ஸையும் கூட்டி 700 பைக்கோ ஃபாரட் என்று கணக்கிட்டால், அதன் ரெசனன்ஸ் 3.8 கிலோ ஹெர்ட்ஸுக்கு அருகில் நிற்கிறது. ஒய் போட்டு இன்னொரு 6 மீட்டரைச் சேர்த்தால் அது 2.8 கிலோ ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடுகிறது. கிட்டாரின் பளிச்சென்ற முனை மழுங்குவது அங்கேதான். எர்த்தைக் கழற்றி ஒய் கேபிளில் வாசிப்பவருக்கு உறுமல் போயிருக்கலாம். ஒலியின் ஒரு பகுதியும் கூடவே போயிருக்கிறது. முதலில் பிக்கப்பின் பலவீனமான சிக்னலுக்கு வலுவூட்டும் ஒரு பஃபர், அதன்பின் பிரிவு, இரண்டில் ஒரு கிளையில் நல்ல டிரான்ஸ்ஃபார்மர் என்று அமைத்தால் இந்த இழப்பு இல்லை. பஃபர் இரண்டு கேபிள்களையும் டிரான்ஸ்ஃபார்மரையும் சிரமமின்றி இயக்கும். பிக்கப்புக்கு எதிரே எப்போதும் போல ஒரே ஓர் உள்ளீடு. ரேடியல், லேலே போன்ற நிறுவனங்கள் டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஸ்ப்ளிட்டர்களைச் செய்கின்றன. அவற்றில் வரும் போலாரிட்டி சுவிட்சும் வீண் அலங்காரம் இல்லை. 1960-களின் ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் போன்ற ஆம்புகளில் நார்மல் சேனலும் வைப்ராட்டோ சேனலும் எதிரெதிர் போலாரிட்டியில் வேலை செய்கின்றன; இரண்டு வெவ்வேறு ஆம்புகளைச் சேர்க்கும்போதும் இது நடக்கலாம். அப்போது ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்து, பாஸ் கரைந்து ஒலி சன்னமாகிவிடும். சுவிட்சை மாற்றிப் பார்த்து, எந்தப் பக்கத்தில் பாஸ் நிறைகிறதோ அந்தப் பக்கத்தில் விட்டுவிடலாம். எர்த்தைக் கழற்றும் வைத்தியத்தில் இதற்கு மருந்தே கிடையாது.

விலையைப் பற்றிய முறையீடு மிச்சமிருக்கிறது, அதைக் குறை சொல்ல முடியாது. நல்ல ஸ்ப்ளிட்டர் இங்கே சுலபமாகக் கட்டுப்படியாகும் பொருள் அல்ல. ஆனால் அதே கையிருப்பில் இரைச்சலுக்காக வாங்கப்படும் மற்றப் பொருள்களைப் பாருங்கள். நாய்ஸ் கேட் பெடல் வாசிக்காத நேரத்தில் மட்டும் வாயை மூடுகிறது. சுரம் ஒலிக்கத் தொடங்கியதும் கதவு திறந்து உறுமலும் கூடவே உள்ளே வருகிறது, நீளும் சுரத்தின் வாலையும் வெட்டிவிடுகிறது. அதிக விலைக் கேபிளின் ஷீல்டு தடை சற்றுக் குறைவாக இருக்கலாம்; லூப் அப்படியேதான் இருக்கும். இவற்றுக்கெல்லாம் முன்னால் காசே செலவில்லாத ஒரு காரியம் இருக்கிறது. இரண்டு ஆம்புகளையும் மேடையின் இரு பக்கச் சாக்கெட்டுகளில் செருகாமல், ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இரண்டுக்கும் கரண்ட் எடுங்கள். இரண்டு சிக்னல் கேபிள்களும் பவர் கார்டுகளும் கூடியவரை ஒரே வழியில் ஓடட்டும். வளையம் சூழும் பரப்பு சுருங்கினால் அதில் தூண்டப்படும் மின்னோட்டமும் சுருங்கும். இரண்டு எர்த்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசமும் ஏறத்தாழ மறையும். பல இடங்களில் உறுமல் பாதிக்கும் கீழே இறங்குவதற்கு இதுவே போதும். மிச்சமிருப்பதற்குத்தான் டிரான்ஸ்ஃபார்மர். எளிய 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்றை இரண்டாவது ஆம்புக்குப் போகும் கிளையில், பஃபர் உள்ள பெடல் ஒன்றுக்குப் பின்னால் வைத்தாலே லூப் அறுந்துவிடும். பெரிய பிராண்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

எர்த்தைக் கழற்றும் யோசனை இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் அது சரி என்பதல்ல. அது உடனே பலிப்பதும், அதன் விலை உடனே தெரியாததும்தான். நூறு கச்சேரி கழிந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அது பாதுகாப்பானது என்று நிரூபணம் ஆகிவிடாது. டிரான்ஸ்ஃபார்மர் இன்சுலேஷன் இன்னும் பழுதாகவில்லை என்றுதான் அதற்குப் பொருள். ஒலி விஷயத்தில் ஒவ்வொருவர் காதும் ஒவ்வொரு தீர்ப்பு சொல்லலாம், யாருடைய டோன் நல்லது என்று விடியவிடிய வாதாடலாம். 230 வோல்ட்டில் அப்படி ரசனை வித்தியாசத்துக்கு இடமில்லை. இரண்டு ஆம்பில் வாசியுங்கள், தாராளமாக வாசியுங்கள். ஒரே பாக்ஸிலிருந்து கரண்ட் எடுங்கள், சிக்னலை டிரான்ஸ்ஃபார்மரால் பிரியுங்கள், போலாரிட்டியைச் சரிபாருங்கள். உங்கள் பையில் பின் ஒடிந்த ப்ளக்கோ இரண்டு பின் அடாப்டரோ இருந்தால், அடுத்த ஒத்திகைக்கு முன் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, எர்த் வயரை முறையாக முடுக்கிய மூன்று பின் ப்ளக்கை மாட்டிவிடுங்கள். குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் முதல் பாடமாக இதையே சொல்லிக்கொடுங்கள்.